படக்கதைக்குப் புதுவழி வகுத்தவர்
ஒசாமு தெசுக்காவும் அவர் வழி வந்தோரும்

மாணவர் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படிக்கும் படக்கதையை ஆராய்ச்சிப் பக்கத்தில் எடுத்துப் பேசுவதா எனச் சிலர் வியக்கலாம். வியப்பதற்கு இடமில்லை. ஒரு நாட்டுப் பிள்ளைகள் எதனை விரும்பிப் படிக்கின்றனரோ, அதுவே அவர்கள் வளர்ந்த பின்னர் அந்நாட்டின் கலையாகவும் கருத்தாகவும் வடிவெடுக்கின்றது. ஜப்பான் நாட்டில் இஃது எல்லாரும் காணும்படி நிகழ்ந்துள்ளது. இன்று நம் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையிலும் பென்சில் பெட்டியிலும் டோரேமான் என்னும் நீலப் பூனை சிரிக்கின்றதே, அப்பூனையின் பிறப்பைத் தேடிச் சென்றால், 1947ஆம் ஆண்டில் ஒசாகா நகரத்தில் மட்டமான தாளில் அச்சாகி வந்த ஒரு சிறுவர் நூலிற் சென்று முடியும். அந்நூலை வரைந்தவர் ஒசாமு தெசுக்கா. அவர் செய்தது யாது, பிறர் அவரிடமிருந்து பெற்றது யாது, பெற மறுத்தது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் சொற்பொருள் காண்போம். ஜப்பானியர் படக்கதையை 'மங்கா' என்பர். தமிழர் செவிக்கு இச்சொல் 'மங்காத புகழ்' என்பதை நினைவூட்டும். ஆயின் அவர்கள் மொழியில் 'மன்' என்பது கட்டுப்பாடின்றித் தோன்றியவாறு செல்வதையும், 'கா' என்பது ஓவியத்தையும் குறிக்கும். ஹொக்குசாய் என்னும் பேரோவியர் 1814ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட வரைபடத் தொகுதிகளுக்கு இப்பெயரே இடப்பட்டது. 'அனிமே' என்பது அசையும் ஓவியப் படத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். மங்கா தாளில் நிற்பது. அனிமே திரையில் ஓடுவது. இவ்விரண்டையும் ஒரே தொழிலின் இரு கைகளாக இணைத்ததில் தெசுக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு.

முன்னோர்

தெசுக்காவை 'மங்காவின் கடவுள்' என்று ஜப்பானியர் போற்றுவர். கடவுள் என்றதும், அவருக்கு முன் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் தோன்றிவிடும். அது பிழை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கித்தசாவா ராக்குத்தென் செய்தித்தாள்களில் கேலிச் சித்திரத் தொடர்களை வரைந்தார். ஒக்கமோத்தோ இப்பெய் என்பார் ஓவியத்தோடு உரைநடையையும் சேர்த்துக் கதை நடத்தினார். தகாவா சுய்ஹோ 1931இல் தொடங்கிய 'நொராக்குரோ' என்ற கறுப்பு நாயின் கதை, படையிற் சேர்ந்த ஒரு தெருநாயைப் பற்றியது. அதனை நாடெங்கும் சிறுவர் விரும்பிப் படித்தனர்.

இவர்கள் கதைகளில் ஒரு பொதுத்தன்மை காணலாம். ஒவ்வொரு கட்டத்திலும் மாந்தர் தலை முதல் கால் வரை தெரிவர்; ஒரே தொலைவிலிருந்து காண்பது போலவே பெரும்பாலும் வரையப்பட்டிருப்பர். கூத்து மேடைக்கு எதிரே ஓரிடத்தில் அமர்ந்து கூத்தைக் காண்பவனின் பார்வை அது. மேடையில் ஆள் வருவான், பேசுவான், போவான். காண்பவன் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. காண்பவனை எழுப்பி, மேடைக்கு அருகிலும் பின்னும் மேலும் கீழும் கொண்டு செல்வதே அடுத்து நிகழவேண்டிய மாற்றமாக இருந்தது.

இளமையும் போரும்

தெசுக்கா 1928ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஒசாகாவை அடுத்த தொயொனாக்காவிற் பிறந்தார்; தக்காரசுக்கா என்னும் ஊரில் வளர்ந்தார். அவர்தம் பிற்காலப் படைப்புகளுக்கு வேண்டிய வித்துகள் யாவும் அவ்வீட்டிலும் அவ்வூரிலுமே கிடைத்தன எனலாம். தந்தையாரிடம் திரைப்படம் காட்டும் சிறு கருவி ஒன்று இருந்தது. அதனால் வால்ட் டிஸ்னியின் ஓவியப் படங்களையும் சாப்ளினின் படங்களையும் வீட்டிலேயே காணும் பேறு பெற்றார். தக்காரசுக்கா ஊரில் பெண்களே எல்லா வேடமும் புனையும் புகழ்பெற்ற நாடகக் குழு உண்டு. ஆண் வேடத்திலும் பெண்களே தோன்றுவர். தாயார் மகனை அந்நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். மூன்றாவது, பூச்சிகளின்மேல் அவருக்கிருந்த அளவற்ற காதல். 'ஒசாமுஷி' என்பது ஒருவகை வண்டின் பெயர். தம் பெயராகிய ஒசாமுவோடு அது ஒத்திருக்கக் கண்டு, பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றைத் தம் பெயரோடு சேர்த்துப் புனைபெயராக்கிக் கொண்டார்.

பின்னர் வந்தது போர். பள்ளி மாணவராகிய அவர் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டார். 1945 ஜூன் மாதம் ஒசாகாமீது குண்டு மாரி பொழிந்தபோது அருகிலிருந்து அதனைக் கண்டார். தாம் உயிர் பிழைத்தது தற்செயலே என்பதை வாழ்நாள் முழுதும் மறந்தாரில்லை.

அதற்கு இரண்டு திங்கள் முன்னர் நிகழ்ந்த மற்றொன்று, மலாயா சிங்கப்பூர் மக்களாகிய நாம் கருத்திற் கொள்ளத்தக்கது. 1945 ஏப்ரலில் 'மொமொத்தாரோவின் தெய்வக் கடற்படையினர்' என்னும் ஓவியத் திரைப்படம் வெளிவந்தது. ஜப்பானின் முதல் முழுநீள ஓவியத் திரைப்படம் அதுவே. கடற்படை அமைச்சு பணம் கொடுத்துச் செய்வித்தது; செயோ மித்சுயோ இயக்கினார். மொமொத்தாரோ என்னும் பழங்கதை வீரன் விலங்குப் படையோடு தென்கடல் தீவொன்றில் வான்குடை மூலம் இறங்கி, வெள்ளையரைப் பணிய வைப்பதே கதை. இறுதியில் வெள்ளைத் தளபதிகள் மேசைமுன் நடுங்கி அமரும் காட்சி, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் யமஷித்தாவின்முன் பெர்சிவல் அமர்ந்த காட்சியை வெளிப்படையாக நினைவூட்டும். நம் முன்னோர் பட்ட துன்பத்தின் தொடக்கம், அப்படத்தில் குழந்தைகளுக்கான வெற்றிக் களிப்பாக வரையப்பட்டது.

அதே படத்தில் வேறொரு காட்சியும் உண்டு. தீவிலுள்ள விலங்குகளுக்கு ஜப்பானிய நெடுங்கணக்கை, 'அ, இ, உ, எ, ஒ' என்று பாட்டாகவே சொல்லிக் கொடுக்கின்றனர். ஆள வந்தவன் தன் மொழியைப் புகட்டும் காட்சிதான் அது. ஆயினும் இசையும் அசைவும் கூடி நெஞ்சை அள்ளும் வண்ணம் அமைந்தது. ஆளொழிந்த ஒசாகாத் திரையரங்கில் பதினாறு வயதுச் சிறுவராக இருந்து இதனைக் கண்ட தெசுக்கா கண்ணீர் வடித்தார். தாமும் ஒருநாள் இத்தகைய படம் எடுப்பதென்று உறுதி பூண்டார். போருக்காகப் பிறந்த கலையைக் கண்டு கற்றவர், பின்னாளில் போரை வெறுக்கும் கதைகளையே மிகுதியாக வரைந்தார். 'காட்டு வேந்தன்' என்ற தம் தொலைக்காட்சித் தொடரில் விலங்குகள் பாடும் நெடுங்கணக்குப் பாட்டொன்றை வைத்து, அப்பழங் காட்சிக்குத் தம் நன்றியைச் செலுத்தினார். அப்பாட்டில் ஆள்வோனும் இல்லை, ஆளப்படுவோனும் இல்லை. ஒரு கலைஞன் தான் பெற்றதிலிருந்து நஞ்சை நீக்கி நல்லதை வைத்துக்கொள்வது இவ்வாறுதான்.

'புதிய புதையல் தீவு'

போர் முடிந்தது. தெசுக்கா அதற்குச் சற்று முன்னரே ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவப் பள்ளியிற் சேர்ந்திருந்தார். மருத்துவம் பயின்றவாறே 1946 ஜனவரியில் சிறுவர் செய்தித்தாளில் 'மாச்சானின் நாட்குறிப்பு' என்ற நான்கு கட்டத் தொடரை வரையலானார். அடுத்த ஆண்டு வந்ததே 'புதிய புதையல் தீவு'. கதையை வகுத்தவர் சாக்காய் ஷிச்சிமா என்னும் மூத்த ஓவியர், வரைந்தவர் தெசுக்கா. தாள் பஞ்சம் நிலவிய அக்காலத்தில் ஒசாகாவில், சிவப்பு மை மிகுந்த அட்டையோடு மலிவு விலையிற் சிறுவர் நூல்கள் விற்பனையாயின. அவ்வகையைச் சேர்ந்த இந்நூல் நான்கு இலட்சம் படிகள் விற்றதெனச் சொல்வர்.

அதன் முதற் பக்கங்களில் அப்படி என்ன இருந்தது? ஒரு சிறுவன் காரை ஓட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு விரைகின்றான். அவ்வளவே. பழைய முறையில் இதற்கு ஒரு கட்டம் போதும். தெசுக்காவோ வண்டியைப் பக்கவாட்டிற் காட்டினார், சிறுவனின் முகத்தை அருகிற் காட்டினார், வண்டி நம்மை நோக்கிப் பெரிதாகி வருவதைக் காட்டினார். சொல் குறைவு, வேகம் மிகுதி. ஒரு செயலைப் பல கணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கணத்தையும் வெவ்வேறு தொலைவிலும் கோணத்திலும் நிறுத்தும் திரைப்பட முறை அது. தொயாமா மாநிலத்தில் பள்ளி மாணவராயிருந்த இரு நண்பர்கள் இந்நூலைக் கண்டு, அசையாத தாளில் வண்டி ஓடுகின்றதே என்று மலைத்தனர். அவ்விருவரே பின்னர் ஃபுஜிக்கோ ஃபுஜியோ என்ற கூட்டுப் பெயரில் எழுதலாயினர். டோரேமானைப் படைத்தவர் அவ்விருவருள் ஒருவர்.

ஈண்டு ஒரு நடுநிலை வேண்டும். இம்முறையைத் தெசுக்காவே முதன்முதற் கண்டார் என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் இதனை மறுக்கின்றனர். போருக்கு முன்பே ஒஷிரோ நொபொரு முதலியோர் நூல்களில் தொலைவும் அண்மையும் மாறிமாறி வருவதை அவர்கள் எடுத்துக் காட்டுகின்றனர். சாக்காயின் பங்கையும் நினைவூட்டுகின்றனர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் முதலிற் செய்வது வேறு. அதனை ஒரு மரபாக நிலைநாட்டுவது வேறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த உத்தியைக் கதையின் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திக் காட்டி, அடுத்த தலைமுறை முழுதும் அதனையே இயல்பான மொழியாகக் கொள்ளுமாறு செய்தவர் தெசுக்காவே.

கண்ணீருக்கு இடம் தந்தவர்

உத்தியைவிடப் பெரிய மாற்றம் கதைப்பொருளில் நிகழ்ந்தது. அதுவரை சிறுவர் படக்கதை என்றால் சிரிப்பு. முடிவு என்றால் வெற்றி. தெசுக்காவோ இறப்பையும் இழப்பையும் சிறுவர்க்குச் சொல்லத் துணிந்தார். 1949இல் வந்த 'மெத்ரொப்பொலிஸ்' என்ற நூலில், மனிதர் படைத்த செயற்கை உயிராகிய மிச்சி இறுதியில் மடிகின்றது. 1950 முதல் 1954 வரை வந்த 'காட்டு வேந்தன்' கதையில் லியோ என்னும் வெள்ளைச் சிங்கம், பனிமலையில் உயிர் போகும் நிலையிலிருந்த மனித நண்பனைக் காப்பாற்றத் தன் உடலையே ஈந்து இறக்கின்றது. புறாவுக்காகத் தன் தசையை ஈந்த சிபியின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஜப்பானியச் சிறுவர் மாத இதழுக்கோ இது புதிது.

1952இல் தொடர்கதையாகத் தொடங்கிய 'வலிய கரத்து ஆட்டம்', உலகெங்கும் 'ஆஸ்ட்ரோ பாய்' என்று பெயர் பெற்றது. மகனை விபத்தில் இழந்த அறிஞன் ஒருவன், அம்மகனைப் போன்ற இயந்திரச் சிறுவனைச் செய்கின்றான். அது வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து வித்தைக் கூடாரத்துக்கு விற்றுவிடுகின்றான். நூறாயிரம் குதிரைத் திறன் கொண்ட அச்சிறுவனுக்குத் தந்தையின் அன்பு மட்டும் கிட்டவில்லை. இயந்திரங்களை இழிவாக நடத்தும் மனிதர்க்கும், மனிதரை வெறுக்கும் இயந்திரங்களுக்கும் நடுவில் நின்று அவன் தவிக்கின்றான். வெளிப்பார்வைக்கு இது வீரக்கதை. உள்ளே உற்றுநோக்கின், பிறப்பால் ஒதுக்கப்பட்டவனின் கதை. பிற்காலத்து ஜப்பானிய இயந்திரக் கதைகளுள் பல இதே வினாவையே வெவ்வேறு முகத்தோடு கேட்பன.

1953இல் பெண்பிள்ளைகளின் இதழில் 'நாடா அணிந்த வீரன்' தொடங்கிற்று. ஆண் மகனே அரியணை ஏறலாம் என்ற சட்டத்தால், சஃபயர் என்னும் இளவரசி இளவரசனாக வளர்க்கப்படுகின்றாள். அவளுள் ஆண் நெஞ்சும் பெண் நெஞ்சும் ஒருங்கே உள்ளன. தக்காரசுக்கா மேடையில் தெசுக்கா சிறுவயதிற் கண்ட ஆண் வேடப் பெண்களின் நிழல் இது. இவ்வழியிலேயே 1972இல் இக்கேடா ரியோக்கோ என்ற பெண் ஓவியர் 'வெர்சாய் ரோஜா'வைப் படைத்தார். ஆணாக வளர்க்கப்பட்ட ஒஸ்கார் என்னும் பெண், பிரெஞ்சுப் புரட்சியில் அரசரைக் காத்து, பின் மக்கள் பக்கம் நின்று மடிகின்றாள். 1974இல் தக்காரசுக்கா நாடகக் குழுவே அக்கதையை மேடையேற்றிப் பெரும்புகழ் பெற்றது. மேடையிலிருந்து தாளுக்கு வந்தது, இருபது ஆண்டு கழித்து மீண்டும் மேடைக்கே திரும்பிற்று.

அகன்ற, ஒளி நிறைந்த கண்களைப் பற்றியும் ஒரு சொல். அவை டிஸ்னி முதலியோரின் அமெரிக்க ஓவியங்களிலிருந்தும் தக்காரசுக்கா ஒப்பனையிலிருந்தும் தெசுக்காவுக்கு வந்தவை. உணர்ச்சியைக் கண்ணின் வழியே காட்டும் முறை, அவர்க்குப் பின் பெண்பிள்ளைகளின் கதைகளில் மேலும் வளர்ந்து, இன்று ஜப்பானிய ஓவியத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

தோக்கிவா இல்லம்

தெசுக்கா 1953இல் தோக்கியோவின் தொஷிமா வட்டாரத்திலிருந்த 'தோக்கிவா இல்லம்' என்ற மர வீட்டில் ஓர் அறையில் குடியேறினார். அடுத்த ஆண்டு அவர் நீங்கியதும், அவ்வறையிலேயே ஃபுஜிக்கோ ஃபுஜியோ இருவரும் வந்து தங்கினர். பின்னர் இஷினொமோரி ஷொத்தாரோ, அக்காத்சுக்கா ஃபுஜியோ, பெண் ஓவியராகிய மிசுனோ ஹிதெக்கோ முதலியோர் அங்கு வாழ்ந்தனர். கைச்செலவுக்கும் திண்டாடிய இளைஞர்கள் ஒருவர் வரைந்ததை ஒருவர் திருத்தி, கெடுவுக்குள் முடிக்க ஒருவர்க்கொருவர் உதவி வளர்ந்தனர். இஷினொமோரி 'சைபோர்க் 009' என்ற கதையையும் 'முகமூடி ஓட்டி' என்ற தொலைக்காட்சி வீரனையும் தந்தார். அக்காத்சுக்கா நகைச்சுவைக் கதைகளின் தலைவரானார். குருகுலம் என்று பெயரிடாமலே ஒரு குருகுலம் நடந்தது. 1982இல் இடிக்கப்பட்ட அவ்வீட்டின் வடிவிலேயே 2020இல் அவ்வட்டாரத்தில் ஒரு காட்சியகம் எழுப்பப்பட்டது.

ஆசிரியர் எதிர்ப்பு

ஆசிரியராகிய நாம் வெட்கத்தோடு படிக்கவேண்டிய ஒரு செய்தியும் இவ்வரலாற்றில் உண்டு. 1955இல் ஜப்பானில் 'தீய நூல்களை ஒழிப்போம்' என்ற இயக்கம் உச்சத்தில் இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் அன்னையர் கழகங்களும் படக்கதைகளைத் திரட்டி அழித்தன. மட்டமான நூல்களோடு தெசுக்காவின் நூல்களும் பழிக்கு உள்ளாயின. விரைவு இரயிலும் இயந்திர மனிதனும் நடக்க முடியாத பொய் என்றும், பொய்யைக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கின்றார் என்றும் குறை கூறினர். தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே உலகம் வியக்கும் விரைவு இரயில் 1964 அக்டோபர் 1ஆம் நாள் ஓடத் தொடங்கிற்று. கண்டனம் எழுந்து ஒன்பதே ஆண்டுகள்!

எல்லாப் படக்கதையும் நல்லதென்று இதனாற் சொல்லவில்லை. அன்றும் நச்சு நூல்கள் இருந்தன, இன்றும் உள்ளன. ஆயின் படிக்காமலே தீர்ப்பளித்தவர்கள் பதரையும் நெல்லையும் ஒரே குவியலாக்கினர் என்பதே குற்றம். காலம் அத்தீர்ப்பை மாற்றியது. 1990இல் தோக்கியோவின் தேசிய நவீனக் கலைக்கூடம் தெசுக்காவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. 2006இல் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் மங்காவுக்கெனத் தனிப் புலமே நிறுவிற்று.

தொலைக்காட்சியும் ஒரு கணக்கும்

தெசுக்கா 1961இல் 'முஷி' என்ற பெயரில் ஓவியப் படக் கூடம் அமைத்தார். முஷி என்றால் பூச்சி. 1963 ஜனவரி 1ஆம் நாள் 'ஆட்டம்' ஃபுஜி தொலைக்காட்சியில் வாரந்தோறும் அரைமணி நேரத் தொடராக ஓடத் தொடங்கிற்று. 1966 இறுதிவரை 193 பகுதிகள் ஒளிபரப்பாயின. இது எத்துணை அருஞ்செயல் என்பதை ஒரு கணக்கால் அறியலாம்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். 25 நிமிடப் படத்துக்கு 1,500 நொடி. ஆக 18,000 ஓவியம். வாரத்துக்கு ஒரு பகுதி என்றால் எந்தக் கூடத்தாலும் ஆகாது. தெசுக்கா ஓர் ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினார். நொடிக்கு 8 போதுமாயிற்று. பேசும்போது வாயை மட்டும் அசைத்தார். அசையாத படத்தின்மேல் ஒளிக்கருவியை நகர்த்தினார். பறக்கும் காட்சி, ஓடும் காட்சி முதலியவற்றைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார். இவ்வாறு ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 2,000 ஓவியங்களோடு வேலையை முடித்தனர்.

அசைவு குறைந்தது, அக்குறையை நிரப்பக் கதையும் காட்சிக் கோணமும் ஒலியும் கூர்மை பெற்றன. ஓவியம் அசையாமல் நின்றாலும் கதை நிற்காமல் ஓடவேண்டும் என்ற நெருக்கடியே ஜப்பானிய அனிமேக்குத் தனி நடையை அளித்தது. உறைந்து நிற்கும் முகம், நெடிய மௌனம், திடீரென வரும் வேகம் ஆகிய இவை யாவும் வறுமை ஈன்ற அழகுகள். 1963இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியும் இத்தொடரை வாங்கி, 104 பகுதிகளை ஆங்கிலத்தில் ஒளிபரப்பியது.

ஆயின் இவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. செலவில் ஒரு சிறு பகுதிக்கே தெசுக்கா தொடரை விற்றார். எஞ்சிய பணத்தை ஆட்டத்தின் உருவம் பொறித்த சாக்லேட்டு, பொம்மை முதலியவற்றின் உரிமைத் தொகையாலும் வெளிநாட்டு விற்பனையாலும் ஈட்டினார். அவர்க்குக் கைகொடுத்த அம்முறை, பின்வந்தோர்க்குத் தளையாயிற்று. குறைந்த விலை, நெருக்கும் கெடு, உறக்கமற்ற இரவு, மெலிந்த கூலி ஆகியவை அத்தொழிலில் நிலைபெற்றமைக்கு இதுவே தொடக்கம் என்று பலர் குறை கூறுவர். தொழிலின் எல்லாத் துன்பத்தையும் ஒருவர் தலையிற் சுமத்துவது நேர்மையன்று. பங்கில்லை என்பதும் உண்மையன்று. முஷி கூடமும் கடனில் மூழ்கி 1973இல் நொடித்தது.

கூடம் மறைந்தது, கூடத்தில் பயின்றோர் மறையவில்லை. 1972இல் முஷியிலிருந்து பிரிந்தோர் 'மேட்ஹவுஸ்' என்ற கூடத்தையும், பின்னர் 'சன்ரைஸ்' எனப் பெயர் பெற்ற கூடத்தையும் நிறுவினர். 'ஆட்டம்' தொடரில் பணியாற்றிய தொமினோ யொஷியுக்கி 1979இல் 'கண்டம்' என்ற பெரும் இயந்திரப் போர்க்கதையைச் சன்ரைசுக்காக இயக்கினார். தெசாக்கி ஒசாமு, ரிந்தாரோ முதலிய இயக்குநர்களும் முஷியின் வார்ப்புகளே.

மறுத்தோரும் அவர் வழியே

ஒருவரின் செல்வாக்கை அவரைப் பின்பற்றியோரைக் கொண்டு மட்டும் அளத்தல் கூடாது. எதிர்த்து நின்றோரையும் எண்ண வேண்டும். 1957இல் தத்சுமி யொஷிஹிரோ என்பார், தம் கதை சிறுவர் மங்கா அன்று என்பதைக் காட்ட 'கெக்கிகா' என்ற புதுப்பெயர் சூட்டினார். வளர்ந்தோர்க்குரிய, இருண்ட, கரடுமுரடான நகர வாழ்க்கைக் கதைகள் அவை. தெசுக்காவின் உருண்டை வடிவங்கள் பழமையாகத் தோன்றின. அவர் மனம் நொந்தார், ஆயின் ஓயவில்லை. தம் நடையை மாற்றிக்கொண்டு, 1973இல் 'பிளாக் ஜாக்' என்ற உரிமமற்ற அறுவை மருத்துவனின் கதையைத் தொடங்கினார். தொழில் நொடித்த அதே ஆண்டில், முன்பு கற்ற மருத்துவம் அவரைக் கைவிடாது காத்தது. இளையோரைக் கண்டு கற்கும் மூத்தவர் அரியர். அவருள் ஒருவர் இவர்.

இன்னொருவர் மியாசாக்கி ஹயாவோ. இளமையில் தம் ஓவியம் தெசுக்காவினதை ஒத்திருப்பதாகப் பிறர் சொல்லக் கேட்டு, வரைந்தவற்றை எரித்துவிட்டதாக அவரே கூறியுள்ளார். 1989இல் தெசுக்கா மறைந்தபோது எல்லாரும் புகழ, அவர் மட்டும் மங்கா ஓவியராகத் தெசுக்காவை மதிப்பதாகவும், அனிமேயில் அவர் செய்தவற்றை ஏற்க இயலாதெனவும் வெளிப்படையாகச் சொன்னார். மியாசாக்கி வேறொரு மரபிலிருந்து வந்தவர். 1958இல் 'வெள்ளைப் பாம்பின் கதை' என்ற வண்ணப் படத்தை எடுத்த தோயெய் கூடமே அவர் பயின்ற இடம். எனவே ஜப்பானிய அனிமே முழுதும் தெசுக்காவின் கொடை என்பது மிகை. ஆயினும், மியாசாக்கி விலகிச் செல்ல முயன்ற வழி யாருடையது என்று கேட்டால், விடை தெசுக்கா என்றே வரும்.

முதல்நூலும் வழிநூலும்

நன்னூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தார். வழிநூல் முதல்நூலின் கருத்தைத் தழுவி, வேண்டுமிடத்து வேறுபடும். இப்பகுப்பு ஈண்டும் பொருந்தும். 'ஆட்டம்' கதையில் 1964இல் தொடங்கிய 'உலகின் மிகப் பெரிய இயந்திரன்' என்ற பகுதியை எடுத்துக்கொண்டு, உராசாவா நவொக்கி 2003 முதல் 2009 வரை 'புளூட்டோ' என்ற கதையாக விரித்தெழுதினார். முதல்நூலில் ஆட்டம் தலைவன். வழிநூலில் அங்கே சிறு பாத்திரமாக வரும் துப்பறியும் இயந்திரனின் கண்வழியே கதை நடக்கின்றது. பகை பகையை வளர்க்கும் என்ற கருத்து மட்டும் மாறவில்லை. 2023இல் அது தொடர்ப்படமாகவும் வந்தது. 'மெத்ரொப்பொலிஸ்' 2001இல் திரைப்படமாயிற்று. இயக்கியவர் முஷியில் வளர்ந்த ரிந்தாரோ, திரைக்கதை எழுதியவர் 'அக்கிரா' படைத்த ஒத்தொமோ கத்சுஹிரோ.

தழுவல் எது, திருட்டு எது என்ற வழக்கும் எழாமலில்லை. 1994இல் டிஸ்னி நிறுவனத்தின் 'சிங்க அரசன்' படம் வந்தபோது, அது 'காட்டு வேந்த'னை ஒத்திருப்பதாக ஜப்பானிய ஓவியர் பலர் கையெழுத்திட்டு மடல் விடுத்தனர். அந்நிறுவனம் மறுத்தது, தெசுக்காவின் நிறுவனம் வழக்குத் தொடுக்கவில்லை. டிஸ்னியைக் கண்டு கற்றவரின் படைப்பை டிஸ்னி நிறுவனமே எடுத்துக்கொண்டதோ என்று உலகம் வினவியதே ஒரு பெருமைதான்.

தெசுக்கா 1989 பிப்ரவரி 9ஆம் நாள் தம் அறுபதாம் வயதில் மறைந்தார். அவர் வரைந்தவை ஏறத்தாழ 700 கதைகள், 1,50,000 பக்கங்கள் என்பர். உதவியாளர் துணை உண்டு எனினும், நாற்பத்து மூன்று ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பக்கம் ஆகின்றது. புத்தர் பெருமானின் வாழ்வைப் பதினோர் ஆண்டுகள் வரைந்து முடித்தார். பிறப்பும் இறப்பும் மீண்டும் பிறப்பும் என்பதைப் பொருளாகக் கொண்ட 'தீப்பறவை'யை 1954இல் தொடங்கி, இறுதிவரை முடிக்காமலே விட்டுச் சென்றார்.

முடிவாக, ஆசிரியர்க்கு இவ்வரலாறு கூறுவது யாது? பிள்ளைகள் தாமே தேடிப் படிப்பதை நாம் முதலிற் படித்துப் பார்த்தல் வேண்டும். நல்லது எது, நஞ்சு எது என்று அதன்பின் பிரித்துக் காட்டினால் பிள்ளைகள் கேட்பர். டோரேமானைக் காட்டும் மாணவனிடம், அதனை வரைந்தவர் யார், அவர் யாரிடம் கற்றார், அவர் ஆசிரியர் எப்போரைக் கண்டார் என்று கேட்கத் தொடங்கினால், வரலாறும் கலையும் அறமும் அவ்வினாவின் வழியே வகுப்பறைக்குள் வந்து சேரும். தமிழிலும் அத்தகைய படக்கதை வேண்டும் என்னும் ஆசை அங்கே ஒரு மாணவன் நெஞ்சில் எழுமாயின், அவனுக்கு வேண்டிய தாளும் பென்சிலும் கொடுத்து ஊக்குதல் நம் கடமையாகும்.